எல்லாம் சூனியம் என்றால் வாங்கிய கடனை ஏன் திருப்பித் தர வேண்டும்?
பௌத்த ஐயவாதமும் அறமும்: தொடக்கநிலை விளக்கம்

எல்லாம் சூனியம் என்றால் வாங்கிய கடனும் சூனியம்தானே, பிறகு அதை ஏன் திருப்பித் தர வேண்டும்? பௌத்த மெய்யியலைப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் இந்தக் கேள்வி எழும். எழுந்தால் நல்லது, படிப்பு சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பௌத்த மெய்யியலாளர் நாகார்ச்சுனர் இதை ஒளித்து வைக்கவில்லை. தம் மூலமத்தியமக காரிகையின் 24ஆம் அதிகாரத்தில் முதல் ஆறு செய்யுள்களை எதிராளிக்கே கொடுத்துவிடுகிறார். ‘நீ சொல்வது சரியானால் நன்மை, தீமை, அவற்றின் பயன், உலக வழக்கு எல்லாமே அழிந்துபோகும்’ என்பதுதான் அந்தக் குற்றச்சாட்டு. எஞ்சிய 34 செய்யுள்களும் அதற்குப் பதில்.

அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள, பௌத்தத்தில் ஐயம் என்பது எதை நோக்கியது, எதை நோக்கியதல்ல என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் தவறினால் பிறகு வருவதெல்லாம் தவறும்.

விலாங்கும் அம்பும்

புத்தர் காலத்தில் சஞ்சய பேலட்டபுத்தர் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். பின்னாளில் புத்தரின் தலைமாணாக்கர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் முதலில் அவரிடம்தான் இருந்தார்கள். மறுமை உண்டா என்று அவரிடம் கேட்டால், ‘அப்படி என்றும் நான் சொல்லவில்லை, இப்படி என்றும் சொல்லவில்லை, வேறு விதமாக என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, இல்லாமல் இல்லை என்றும் சொல்லவில்லை’ என்று ஐந்து படியாக நழுவுவார். சாமஞ்ஞபல சுத்தத்தில் இது பதிவாகியிருக்கிறது (‘சுத்தம்’ என்பது புத்தரின் உரையாடல்களைத் தரும் பாலி நூல்வகை). இப்படிப் பேசுபவர்களைப் பாலி நூல்கள் விலாங்குக்கு ஒப்பிடுகின்றன. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று தமிழில் நாம் சொல்வதும் ஏறக்குறைய இதே ஆளைத்தான்.

பிரமசால சுத்தம் இந்த விலாங்குகளை நான்காக வகுக்கிறது. பொய்யாகிவிடுமோ என்று அஞ்சி நழுவுபவர், பற்று ஏற்பட்டுவிடுமோ என்று அஞ்சி நழுவுபவர், வாதத்தில் மடக்கப்படுவோமோ என்று அஞ்சி நழுவுபவர், அறிவு மந்தத்தால் நழுவுபவர். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் மூவர் நழுவும் கேள்வி மறுமையைப் பற்றியது அல்ல. ‘இது நன்மை, இது தீமை’ என்பதிலேயே அவர்கள் நழுவுகிறார்கள். ஐயம் அறத்தையே விழுங்கிவிட்ட நிலை அது. பௌத்தம் ஏற்காத ஐயம் இந்த வகைதான்.

புத்தரும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். அவை பத்து: உலகம் நிலையானதா, நிலையற்றதா, எல்லை உடையதா, எல்லையற்றதா, உயிரும் உடலும் ஒன்றா, வேறா, ததாகதர் (புத்தநிலை அடைந்தவர்) இறந்தபின் இருக்கிறாரா, இல்லையா, இருந்தும் இல்லாமலும் இருக்கிறாரா, இரண்டும் அல்லவா. இவற்றுக்கு விடை தெரிந்தால்தான் துறவில் இருப்பேன் என்று மாலுங்கியபுத்தர் பிடிவாதம் பிடித்தபோது புத்தர் சொன்னதுதான் அம்பு உவமை. நச்சு அம்பு தைத்தவன், எய்தவன் என்ன சாதி, நெட்டையா குட்டையா, எந்த ஊர், வில்லின் நாண் எதனால் ஆனது என்று தெரியும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால், தெரிந்துகொள்வதற்கு முன்பே செத்துப்போவான்.

அந்தப் பத்துக் கேள்விகளையும் மறுபடி படித்துப் பாருங்கள். கொல்லலாமா, பொய் சொல்லலாமா என்பது அதில் இல்லை. உலகின் எல்லையைப் பற்றி வாய் திறக்காதவர் கொலையைப் பற்றித் தயங்காமல் பேசினார். ஆக, முடிவு தெரியாமலே ஒதுக்கி வைக்கக்கூடிய கேள்விகள் எவை, இப்போதே பதில் வேண்டிய கேள்விகள் எவை என்ற பாகுபாடு தொடக்கத்திலேயே இருக்கிறது.

காலாமர்களுக்குச் சொன்னது

கேசபுத்தம் என்ற ஊரின் காலாமர்கள் புத்தரிடம் முறையிட்டார்கள்: வருகிற ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் கொள்கையைப் புகழ்ந்து மற்றவர் கொள்கையைப் பழிக்கிறார், யாரை நம்புவது? ஐயப்படுவது சரியான செயல்தான் என்று தொடங்குகிறது பதில். பிறகு, ஒரு கருத்தை ஏற்கப் போதாத பத்துக் காரணங்கள் வருகின்றன. கேள்விப்பட்டது, வழிவழியாக வந்தது, ஊரே பேசுவது, நூலில் உள்ளது, தருக்கத்துக்குப் பொருந்துவது, அனுமானத்தால் கிடைத்தது, காரணங்களை எண்ணிப் பார்த்துத் தேறியது, ஏற்கெனவே நாம் கொண்டுள்ள கொள்கையோடு ஒத்துப்போவது, சொல்பவர் தகுதியானவராகத் தெரிவது, இவர் நம் ஆசிரியர் என்பது.

‘நூலை நம்பாதே, உன் அறிவை நம்பு’ என்று இதைச் சுருக்கிச் சொல்வது மிகப் பரவலான பிழை. பட்டியலில் நான்கு நம் அறிவைப் பற்றியவையே! தருக்கம், அனுமானம், எண்ணிப் பார்த்தல், சொந்தக் கொள்கை எல்லாமே அதில் இருக்கின்றன. வெளியார் சொல்லைப் போலவே என் சொந்த நியாயமும் என்னை ஏமாற்றக்கூடும் என்பதுதான் அங்கே சொல்லப்படுவது.

பத்தும் போனால் மிச்சம் என்ன? சோதனை மிஞ்சுகிறது. ஒரு செயலோ மனநிலையோ நல்லதா கெட்டதா, பழிக்குரியதா இல்லையா, அறிந்தோர் பழிப்பதா புகழ்வதா, மேற்கொண்டால் கேட்டுக்கும் துன்பத்துக்கும் இட்டுச் செல்கிறதா நலத்துக்கா என்று நான்கு கோணங்களில் பார்க்கச் சொல்கிறார். பிறகு காலாமர்களையே கேட்கிறார்: பேராசை ஒருவனுக்குள் எழுந்தால் அது அவனுக்கு நலமா, கேடா? பேராசை பிடித்தவன் கொல்வானா, திருடுவானா, பிறன்மனை விழைவானா, பொய் சொல்வானா, பிறரையும் அப்படிச் செய்யத் தூண்டுவானா? வெறுப்புக்கும் மயக்கத்துக்கும் இதே கேள்வி. பதில்களைக் காலாமர்கள்தாம் சொல்கிறார்கள்.

கடைசிப் பகுதிதான் நம் தலைப்புக்கு நேராக வருகிறது. பகையின்றி, தெளிந்த மனத்தோடு வாழ்பவனுக்கு நான்கு ஆறுதல்கள் உண்டு என்கிறார். மறுமையும் வினைப்பயனும் இருந்தால் அவனுக்கு நல்ல இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் இந்தப் பிறவியிலேயே அவன் துயரின்றி வாழ்ந்திருப்பான். தீமை செய்தவனுக்குத் தீமை வரும் என்றால், யாருக்கும் தீமை நினைக்காத அவனுக்கு அது எப்படி வரும்? வராது என்றால் இருவழியிலும் அவன் மாசற்றவன். மறுமை உண்டா இல்லையா என்பதை முடிவு செய்யாமலே எப்படி வாழ்வது என்பதை முடிவு செய்ய முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். ஐயத்தை வைத்துக்கொண்டே உறுதியாக நடக்கலாம்.

நாகார்ச்சுனர் எதை மறுக்கிறார்?

இதுவரை பார்த்தது ஒதுக்கி வைத்தல். நாகார்ச்சுனர் இன்னும் ஆழமாக வெட்டுகிறார். அவருடைய இலக்கு ‘சுவபாவம்’, தமிழில் தன்னியல்பு எனலாம். ஒரு பொருளுக்குத் தன்னியல்பு உண்டு என்றால் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று 15ஆம் அதிகாரத்தில் வரையறுக்கிறார்: அது எதனாலும் ஆக்கப்படாததாக இருக்க வேண்டும், வேறு எதையும் சாராததாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு காரணம், இயக்கம், செயல், செய்பவன், காலம், ததாகதர் என்று ஒவ்வொன்றாக 27 அதிகாரங்களில் தேடுகிறார். எங்கும் கிடைக்கவில்லை. அப்படிக் கிடைக்காமல் இருப்பதற்குப் பெயர்தான் சூனியம். பொருள் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. சார்ந்து தோன்றுகிறது, தனித்து நிற்கவில்லை என்று அர்த்தம். 24ஆம் அதிகாரத்தின் 18ஆம் செய்யுள் இதை நேராகவே சொல்கிறது: சார்பில் தோன்றுவது எதுவோ அதையே சூனியம் என்கிறோம்.

சார்பு என்ற சொல் தமிழுக்குப் புதிதல்ல. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று மணிமேகலை பன்னிரண்டு சார்புகளையும் அழகான தமிழில் அடுக்கியிருக்கிறது. ‘சூனியம்’ என்றதும் பில்லி சூனியமோ வெற்றிடமோ நினைவுக்கு வருபவர்கள், அந்த இடத்தில் ‘சார்பு’ என்று போட்டுப் படித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஒரு ரூபாய்த்தாளை எடுத்துக்கொள்வோம். 2016 நவம்பர் 8 நள்ளிரவோடு பழைய 500, 1000 ரூபாய்த்தாள்கள் செல்லாமல் போயின. தாள் மாறவில்லை, மை மாறவில்லை. மதிப்பு தாளுக்குள் இருந்திருந்தால் அது எங்கே போயிருக்கும்? மதிப்பு ஓர் அறிவிப்பையும், வங்கியையும், கோடிக்கணக்கானோர் ஏற்பையும் சார்ந்திருந்தது. ஆனால் அதனால் மதிப்பு பொய் என்று ஆகிவிடுமா? அந்த வாரம் வங்கி வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு அது பொய்யாக இருக்கவில்லை. கள்ள நோட்டு கள்ள நோட்டாகவும் நல்ல நோட்டு நல்ல நோட்டாகவுமே இருந்தன. தன்னியல்பு இல்லாத ஒன்று முழுமையாக வேலை செய்கிறது, அதற்குள் சரி தவறு இருக்கிறது, மீறினால் விளைவும் இருக்கிறது. கடனும் இப்படித்தான். வினைப்பயனைப் பேசும் 17ஆம் அதிகாரத்தில் ஒரு தரப்பு, செயலைக் கடனுக்கும், செயலின் பயனை அழியாமல் காத்துத் தருவதைக் கடன்பத்திரத்துக்கும் ஒப்பிடுவது நினைவில் கொள்ளத்தக்கது.

24ஆம் அதிகாரத்தின் திருப்பம்

எதிராளியின் சங்கிலி இப்படிப் போகிறது. எல்லாம் சூனியம் என்றால் தோற்றமும் அழிவும் இல்லை. அவை இல்லையென்றால் துன்பம், அதன் காரணம், அதன் நீக்கம், வழி என்ற நான்கு உண்மைகளும் இல்லை. அவை இல்லையென்றால் அறிதல், விடுதல், பயிலுதல், அடைதல் எதற்கும் இடமில்லை. பிறகு சங்கம் இல்லை, தருமம் இல்லை, புத்தரும் இல்லை.

நாகார்ச்சுனர் இந்தச் சங்கிலியை அறுக்கவில்லை, திருப்பிப் போடுகிறார். ‘சூனியம் என்றால் என்ன, அது எதற்காகச் சொல்லப்பட்டது, அதன் பொருள் என்ன என்று உனக்குத் தெரியவில்லை. குதிரைமேல் உட்கார்ந்துகொண்டே குதிரையைக் காணோம் என்கிறாய். என்மேல் நீ சுமத்தும் குற்றமெல்லாம் உன்னுடையவை’ என்பது பதிலின் சாரம். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஒருவனிடம் கோபம் இருக்கிறது. அது அவனுடைய தன்னியல்பு என்று வைத்துக்கொள்வோம். தன்னியல்பு ஆக்கப்படாதது, ஆகவே அது எப்போது தோன்றியது என்று கேட்க முடியாது. எதையும் சாராதது, ஆகவே எதை நீக்கினாலும் அது நீங்காது. அவனுக்கு அறவுரை சொல்வது வீண், அவன் பயில்வது வீண். நேர்மாறாக, ஒருவனிடம் அன்பு தன்னியல்பாக இருக்கிறது என்றாலும் இதே கதைதான். அவன் அதற்காக எதுவும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. 33ஆம் செய்யுள் இதைத்தான் கேட்கிறது: சூனியமல்லாத ஒன்றில் செய்வதற்கு என்ன இருக்கிறது? யாரும் எந்த நன்மையும் தீமையும் செய்யவே முடியாது. அதற்கு முந்தைய செய்யுள், இயல்பிலேயே புத்தராக இல்லாதவர் எவ்வளவு முயன்றாலும் விழிப்பை அடையமாட்டார் என்கிறது.

ஆகவே அறத்துக்குச் சூனியம் இடைஞ்சல் என்று நினைத்த இடத்தில், சூனியம் இல்லாவிட்டால் அறமே நடக்காது என்ற முடிவுக்கு வருகிறோம். மாறக்கூடியதில்தான் முயற்சிக்கு வேலை உண்டு. சார்ந்து நிற்பதுதான் மாறும்.

விக்கிரகவியாவர்த்தனி என்ற 70 செய்யுள் நூலில் இதே வாதம் இன்னும் கூர்மையாக வருகிறது. அங்கே எதிராளி, நல்ல தருமங்களுக்கு, அதாவது நற்பண்புகளுக்கு, மட்டுமாவது நல்ல தன்னியல்பு இருக்க வேண்டும் என்கிறார். உரையில் அப்படிப்பட்ட 119 நல்ல தருமங்கள் எண்ணப்படுகின்றன. நாகார்ச்சுனரின் பதில் சுருக்கமானது. அந்த நன்மை காரணங்களைச் சார்ந்து வருகிறதா? அப்படியானால் அது தன்னியல்பு அல்ல. எதையும் சாராமல் வருகிறதா? அப்படியானால் பிரமசரிய வாழ்க்கையே பயனற்றது, ஏனெனில் வாழ்ந்து பெறுவதற்கு எதுவும் இல்லை.

பிழை நேரும் இடங்கள்

சூனியத்தைத் தவறாகப் பிடித்தால் அது பிடித்தவனையே அழிக்கும், தவறாகப் பிடித்த பாம்பைப் போல, என்று 24ஆம் அதிகாரம் 11ஆம் செய்யுள் எச்சரிக்கிறது. புத்தர் அலகத்தூபம சுத்தத்தில் சொன்ன உவமையின் எதிரொலி இது. பாம்பை வாலில் பிடித்தால் திரும்பிக் கொத்தும். கவைக்கோலால் அழுத்திக் கழுத்தில் பிடிக்க வேண்டும்.

வாலைப் பிடிப்பவர்களில் முதல் வகையினர் ‘ஒன்றுமே இல்லை, ஆகவே எதுவும் செய்யலாம்’ என்பவர்கள். ‘தன்னியல்பு இல்லை’ என்ற சொற்றொடரில் ‘தன்னியல்பு’ என்ற சொல்லை நழுவவிட்டதுதான் இங்கே நடந்த பிழை. மேலும், கொலை சூனியம் என்றால் கொல்லும் ஆசையும் சூனியம்தான். ஆசையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தடையை மட்டும் கரைப்பது சூனியத்தைப் பாதி வழியில் நிறுத்துவது.

இரண்டாம் வகையினர் நுட்பமானவர்கள். சூனியத்தையே ஒரு கொள்கையாக்கி, ‘நாங்கள் சூனியவாதிகள், உங்களுக்கு இது புரியாது’ என்று நிற்பவர்கள். 13ஆம் அதிகாரத்தின் கடைசிச் செய்யுள் இவர்களைக் குணப்படுத்த முடியாதவர்கள் என்கிறது. 7ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய சந்திரகீர்த்தி இதற்கு ஓர் உவமை தருகிறார்: ‘உனக்குத் தர என்னிடம் சரக்கு ஒன்றுமில்லை’ என்கிறார் வணிகர். ‘சரி, அந்த ஒன்றுமில்லையையே கொடு’ என்கிறான் வந்தவன். அவனிடம் எதைச் சொல்லிப் புரியவைப்பது? வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்த பேதி மருந்து மற்றக் கழிவோடு தானும் வெளியேற வேண்டும், உள்ளே தங்கினால் நோய் முற்றும் என்ற பழைய உவமையையும் அதே இடத்தில் மேற்கோளாகத் தருகிறார்.

இந்தப் பேதி மருந்து உவமை கிரேக்கத்திலும் இருக்கிறது. பைரோ என்ற சிந்தனையாளர் அலெக்சாந்தரின் படையோடு இந்தியாவுக்கு வந்தவர். அவர் பெயரால் வழங்கும் ஐயவாத மரபை எழுதிவைத்த செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ், ஐயவாதியின் சொற்கள் தம்மையும் சேர்த்தே வெளியேற்றிக்கொள்ளும் மருந்து போன்றவை என்கிறார். யார் யாரிடமிருந்து பெற்றார் என்று இந்த ஓர் ஒற்றுமையை வைத்து முடிவுகட்டக் கூடாது. நமக்குப் பயன்படுவது ஒப்பீடு. ‘எதையும் நம்பாதவன் எப்படிச் செயல்படுவான்’ என்ற கேள்விக்கு செக்ஸ்டஸ் நான்கைச் சொல்கிறார்: இயற்கையாக அமைந்த புலனும் அறிவும், பசி தாகம் போன்ற உந்துதல், நாட்டின் சட்டமும் வழக்கமும், கற்ற தொழில். நாகார்ச்சுனரின் மரபும் ‘உலகம் ஏற்பதை நாங்களும் ஏற்கிறோம்’ என்று சொல்வதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இலக்கில் பிரிகின்றன. செக்ஸ்டஸின் ஐயவாதி தேடுவது மன அமைதி. நாகார்ச்சுனர் வழிவந்த மகாயான பௌத்தர் தேடுவது எல்லோர் துன்பத்தின் நீக்கம். நடப்பு வழக்கத்தோடு ஒத்துப்போவது அமைதிக்குப் போதும். துன்ப நீக்கத்துக்குப் போதாது.

வழக்கை யார் திருத்துவது?

இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது. இந்த மரபு இறுதி உண்மையையும், அன்றாட உலக வழக்கில் நிற்கும் ‘வழக்கு உண்மை’யையும் பிரித்துப் பேசும். அறம் ‘வழக்கு உண்மை’யைச் சேர்ந்தது என்றால், ஊர் வழக்கே தவறாக இருக்கும்போது என்ன செய்வது? சாதி வழக்குதானே, அடிமைமுறையும் ஒரு காலத்தில் வழக்குதானே? இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் இல்லை. ஆனால் இந்த மரபு கைவிரித்துவிடவும் இல்லை.

வழக்கு என்றால் பெரும்பான்மையோர் சொல்வது என்று பொருளல்ல. கண்நோய் உள்ளவனுக்கு வெறுங்கிண்ணத்தில் மயிர் தெரிகிறது. அது வழக்கிலேயே பொய் என்கிறார் சந்திரகீர்த்தி. திபெத்தின் சோங்கப்பா (1357–1419) இதை மூன்று நிபந்தனைகளாக வகுத்தார்: சாதாரண அறிவுக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும், அப்படித் தெரிந்ததை வேறொரு சரியான சாதாரண அறிவு மறுக்காமல் இருக்க வேண்டும், தன்னியல்பு உண்டா என்று ஆராயும் அறிவும் அதை மறுக்காமல் இருக்க வேண்டும். சாதி உயர்வை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். பிறப்பிலேயே இவன் உயர்ந்தவன், அதை எதுவும் மாற்ற முடியாது என்ற நம்பிக்கை ஆக்கப்படாத, எதையும் சாராத ஓர் இயல்பை மனிதன்மேல் ஏற்றிச் சொல்வது. மூன்றாம் நிபந்தனையிலேயே அது விழுந்துவிடும். என் கருத்தில், தன்னியல்பு மறுப்பின் மிகக் கூரான சமூகப் பயன் இதுதான். ஆனால் பழைய நூல்கள் இதை இவ்வளவு தூரம் கொண்டுபோகவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

வழக்கிலிருந்தே வழக்கை உடைப்பது எப்படி என்பதற்கு ஆரியதேவரிடம் நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. நாகார்ச்சுனரின் மாணாக்கரான இவர் சிங்களத் தீவின் அரச மகனாகப் பிறந்தவர் என்று சந்திரகீர்த்தி குறிப்பிடுகிறார். 400 செய்யுள் கொண்ட சதுச்சதகத்தின் 4ஆம் அதிகாரத்தில் அரசனிடம் கேட்கிறார்: ஆறில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்று மக்களுக்கு ஊழியம் செய்பவன் நீ, உனக்கு என்ன செருக்கு? பரமார்த்தம் எனும் இறுதி உண்மையையோ சூனியத்தையோ அவர் இங்கே இழுக்கவில்லை. ஆறில் ஒன்று வரி என்பது எல்லோரும் அறிந்த வழக்கு. அந்த வழக்கின் உண்மையான பொருளை எடுத்துக்காட்டியதும் இன்னொரு வழக்கான அரச செருக்கு சரிகிறது.

வரிசை முக்கியம்

அதே நூலின் 8ஆம் அதிகாரத்தில் ஆரியதேவர் பயிற்சியின் வரிசையைத் தருகிறார். முதலில் தீவினையைத் தடுக்க வேண்டும். நடுவில் ‘நான்’ என்ற பிடிப்பைத் தடுக்க வேண்டும். கடைசியில் எல்லாக் கொள்கைப் பிடிப்பையும் தடுக்க வேண்டும். இந்த வரிசையை அறிந்தவனே அறிவுடையவன்.

மூன்றாவதை முதலில் செய்தால் என்ன ஆகும்? கொலை, களவு, பொய் இவற்றை விட்டுப் பழகாதவனுக்கு ‘எந்தக் கொள்கையும் அறுதியானதல்ல’ என்று சொல்லிக்கொடுத்தால், அவன் கையில் இருந்த ஒரே கடிவாளத்தையும் பிடுங்கிவிட்டோம். ‘நான்’ என்ற பிடிப்பு அப்படியே இருக்கும்போது கொள்கைகள் மட்டும் கழன்றால், மிச்சமிருப்பது தன்னலம் மட்டுமே. ரத்னாவளியிலும் நாகார்ச்சுனர் இதே வரிசையைத்தான் பின்பற்றுகிறார்: முதலில் உலக நல்வாழ்வுக்கான ஒழுக்கம், பிறகே விடுதலைக்கான அறிவு.

ரத்னாவளி ஓர் அரசனுக்கு எழுதப்பட்ட அறிவுரை, அவன் சாதவாகன மரபினன் என்பது வழக்கு. சூனியத்தைப் பேசிய அதே பேனாதானா இது என்று வியக்கும் அளவுக்கு நடைமுறை விவரங்கள் நிறைந்தது. எறும்புப் புற்றுகளின் வாயில் நம்பகமான ஆட்களைக் கொண்டு உணவு, நீர், சர்க்கரை, தானியம் வைக்கச் சொல்கிறது. சிறைப்பட்டவர்கள் விடுதலையாகும்வரை அவர்களுக்கு நாவிதர், குளியல், உணவு, நீர், மருந்து, உடை கொடுத்து வைத்திரு என்கிறது. கொலை செய்தவர்களைக்கூட நன்கு விசாரித்து உறுதிசெய்தபின், கொல்லாமலும் வதைக்காமலும் நாடுகடத்து என்கிறது. தகுதியற்ற பிள்ளையைத் தகுதியுள்ளவனாக்க விரும்பும் தந்தை தண்டிப்பதுபோல, இரக்கத்தால் தண்டி. வெறுப்பாலோ பொருளாசையாலோ தண்டிக்காதே என்பது அதன் நெறி.

இந்த இரக்கம் சூனியத்தோடு ஒட்டாத தனி உபதேசம் என்று நினைக்கத் தேவையில்லை. ‘இவன் கெட்டவன், இவன் இயல்பே இது’ என்ற எண்ணம் இருந்தால் சிறையாளிக்கு நாவிதர் எதற்கு? அவன் செயல் காரணங்களைச் சார்ந்து வந்தது, காரணம் மாறினால் அவனும் மாறுவான் என்று கண்டால்தான் திருத்தும் தண்டனைக்குப் பொருள் வருகிறது. குற்றம் இல்லை என்று ஆகிவிடவில்லை, விசாரணையும் தண்டனையும் இருக்கின்றன. போனது பழிவாங்கும் வெறி மட்டும்.

8ஆம் நூற்றாண்டில் நாலந்தாவைச் சேர்ந்த சாந்திதேவர் தம் போதிசரியாவதாரம் என்ற நூலின் 6ஆம் அதிகாரத்தில் இதையே கோபத்துக்கு மருந்தாக்கினார். பித்தம் பெரும் வலி தருகிறது, அதன்மேல் யாரும் கோபப்படுவதில்லை, ஏனெனில் அது காரணங்களால் கிளறப்படுகிறது. மனிதனும் காரணங்களால் கிளறப்படுகிறான். அடித்தது தடி, ஆனால் கோபம் தடியை வீசியவன்மேல். அவனை வீசியது வெறுப்பு, ஆகவே கோபப்படுவதானால் வெறுப்பின்மேல் கோபப்படு. இதை அன்றாடத்தில் பயிலும்போது, கோபம் உச்சத்தில் இருக்கையில் தொடங்கினால் பயன் தராது. ஆறிய பிறகு, நடந்த ஒரு சிறு சம்பவத்தை எடுத்து, ‘அவன் அப்படிச் செய்ய என்னென்ன சேர்ந்தன’ என்று ஐந்தாறு காரணங்களையாவது எழுதிப் பார்ப்பது நல்ல தொடக்கம். காரணங்களின் பட்டியலில் நாம் செய்ததும் இடம்பெற வேண்டும். அது விடுபட்டால் பயிற்சி அடுத்தவரை ஆராயும் வேலையாகிவிடும்.

சாந்திதேவரின் இன்னொரு வாதம் கடினமானது. துன்பத்துக்கு உரிமையாளர் என்று நிலையான ஒருவர் இல்லை. ஆகவே ‘என் துன்பம்’, ‘பிறர் துன்பம்’ என்ற கோடு நிற்காது. துன்பம் துன்பம் என்பதற்காகவே நீக்கத்தக்கது. இங்கே எளிதாக எழும் மறுப்பு உண்டு: உரிமையாளர் இல்லை என்றால் என் துன்பத்தையும் நீக்க வேண்டாம் என்று ஏன் முடிவுகட்டக் கூடாது? வாதத்தை ஒரு நிரூபணமாகப் படித்தால் இந்த ஓட்டை அடைபடாது. சாந்திதேவர் அப்படி வைக்கவில்லை என்றே நான் படிக்கிறேன். துன்பத்தை நீக்க வேண்டுமா என்பதில் யாருக்கும் தகராறு இல்லை என்கிறார். உன் துன்பத்தை நீக்க ஓடுகிறாய், அப்படியானால் எல்லாவற்றையும் நீக்கு, இல்லாவிட்டால் உன்னுடையதையும் விடு என்பது வாதம். எதிராளி ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதை வைத்தே அவரை மடக்கும் மத்தியமக (நாகார்ச்சுனர் மரபின்) முறை இது. தன் துன்பத்தைப் பற்றியே கவலையற்ற ஒருவனிடம் இது செல்லுபடியாகாது. அப்படி ஒருவனை எங்கே தேடுவது என்பது வேறு விஷயம்.

அதே நூலின் 9ஆம் அதிகாரத்தில் அவரே கேட்டுக்கொள்ளும் கேள்வி: உயிர் என்று தனித்து எதுவும் இல்லை என்றால் இரக்கம் யார்மேல்? காரியத்துக்காக ஏற்றுக்கொண்ட மயக்கத்தால் கற்பிக்கப்பட்ட அந்த ஒருவர்மேல்தான் என்கிறார். துன்பம் தணிவதே அந்தக் காரியம்.

எதிலிருந்து படிப்பது

மூலமத்தியமக காரிகையை முதல் அதிகாரத்திலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் அதிகாரத்தில், நடந்த வழி, நடக்காத வழி, நடக்கும் வழி என்ற அலசலில் மூச்சுத் திணறி நிறுத்திவிடுவார்கள். காலாம சுத்தத்தில் தொடங்குங்கள், ஒரு மணி நேரம் போதும். அடுத்து ரத்னாவளியின் 3, 4ஆம் அதிகாரங்கள். பிறகு காரிகையின் 24ஆம் அதிகாரத்தின் 40 செய்யுள்கள். அதில் முதல் ஆறும் எதிராளியின் வாக்கு என்பதை விளிம்பில் குறித்துக்கொண்டு படிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால், நாகார்ச்சுனரே நான்கு உண்மைகளையும் மறுத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ள நேரும். அதற்குப் பின் 15, 17, 13 என்று போகலாம். சாந்திதேவரின் 6ஆம் அதிகாரத்தை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். 9ஆம் அதிகாரத்தை மட்டும் உரையின்றித் தொட வேண்டாம், அதன் பல செய்யுள்களில் பேசுபவர் யார் என்பதிலேயே உரைகாரர்கள் வேறுபடுகிறார்கள்.